பஞ்சாங்கமும் வானமும்

காலத்தை அளக்க விரும்பிய மக்கள் அனைவரும் வானத்தையே நோக்கினர். ஞாயிறு எழுதலும் படுதலும் நாளை அறிவித்தன. திங்கள் வளர்தலும் தேய்தலும் மாதத்தை அறிவித்தன. பருவங்களின் வட்டம் ஆண்டை அறிவித்தது. இம்மூன்று அளவுகளும் ஒன்றையொன்று மிச்சமின்றி வகுப்பனவாயின், காலக்கணிதம் என்னும் கலையே தோன்றியிராது. ஆனால், ஓர் அமாவாசையினின்று மறு அமாவாசை வரையில் சராசரி 29 நாள் 12 மணி 44 நிமிடம் செல்கின்றது. பருவ ஆண்டோ 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 விநாடி கொண்டது. பன்னிரண்டு திங்கள் மாதங்கள் கூடினால் 354 நாளே ஆகும். பதின்மூன்று கூடினால் 384 நாளாகிவிடும். இணங்காத இவ்வளவுகளை இணக்குதற்கு ஒவ்வொரு நாட்டாரும் ஒவ்வொரு வழி கண்டனர். நம் நாட்டார் கண்ட வழியே பஞ்சாங்கம்.

நம் மாணவருள் ஒரு சாரார் பஞ்சாங்கத்தை மூடநம்பிக்கையின் களஞ்சியம் என்று தள்ளுவர். மற்றொரு சாரார் அதிற் கண்டதனைத்தும் மாறாத உண்மை என்று கொள்வர். இரு சாராருள்ளும் அதனைத் திறந்து, அதிலுள்ள எண்கள் எங்ஙனம் வந்தன என்று வினவினோர் மிகச் சிலரே. பஞ்சாங்கத்தில் இருவகைக் கூற்றுகள் உள்ளன. "இன்று காலை இத்தனை நாழிகை வரை திரயோதசி" என்பது ஒன்று. "இந்நாள் பிரயாணத்திற்கு ஆகாது" என்பது மற்றொன்று. முன்னது மெய்யா பொய்யா என்பதை வானம் நமக்குச் சொல்லிவிடும். பின்னதற்கு அத்தகைய சான்று இல்லை. முன்னது கணிதம், பின்னது பலன். இக்கட்டுரையில் கணிதத்தை மட்டுமே யாம் எடுத்துக்கொள்கின்றோம்.

ஐந்து உறுப்புகள்

பஞ்சாங்கம் என்னும் சொல்லுக்கு ஐந்து உறுப்புகளை உடையது என்பது பொருள். வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்பன அவ்வைந்து. ஞாயிறு செல்வதாகத் தோன்றும் வான வீதியை 360 பாகைகளாகப் பகுத்து, மேட இராசியின் தொடக்கத்தினின்று ஞாயிறும் திங்களும் நிற்கும் இடங்களை அளப்பர். இவ்விரண்டு எண்களும் கிடைத்துவிடின், வாரம் ஒழிந்த நான்கு உறுப்புகளும் கூட்டல், கழித்தல், வகுத்தல் என்னும் எளிய தொழில்களால் வெளிப்பட்டுவிடும். பஞ்சாங்கக்காரரின் உழைப்பு முழுவதும் அவ்விரண்டு எண்களைப் பெறுவதிலேயே அடங்கியுள்ளது.

திங்கள் நிற்கும் பாகையினின்று ஞாயிறு நிற்கும் பாகையைக் கழித்து, எஞ்சியதை 12-ஆல் வகுத்தால் திதி கிடைக்கும். திங்கள் ஞாயிற்றை விட்டு 12 பாகை விலகுதற்கு ஆகும் காலம் ஒரு திதி. 360 பாகைக்கு 30 திதிகள். திங்கள் எந்நாளும் ஒரே விரைவில் செல்வதன்று. ஒரு நாளில் 12 பாகைக்குச் சற்றுக் குறைவாகச் செல்லும் காலமும் உண்டு. 15 பாகைக்கு மேற்செல்லும் காலமும் உண்டு. ஆதலின் ஒரு திதியின் அளவு ஏறத்தாழ 20 மணி முதல் 27 மணி வரை வேறுபடும். ஞாயிறு உதிக்கும்போது நிற்கும் திதியே அந்நாளின் திதி என்பது பொதுவிதி. குறுகிய திதி ஒன்று ஓர் உதயத்திற்குப் பின் தொடங்கி மறு உதயத்திற்குமுன் முடிந்து, எந்நாளுக்கும் பெயராகாமல் மறைந்துபோதலும், நீண்ட திதி இரண்டு உதயங்களைத் தொடுதலும் இதனாலேயே நிகழ்கின்றன.

திங்கள் நிற்கும் பாகையை 13 பாகை 20 கலையால் வகுத்தால் நட்சத்திரம் கிடைக்கும். வான வீதி அசுவினி முதல் ரேவதி ஈறாக 27 சமபங்குகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. திங்கள் அவ்வீதியை ஒருமுறை சுற்றிவர 27 நாளும் ஏறத்தாழ 8 மணியும் ஆகுமாதலின், நாளொன்றுக்கு ஒரு வீடு வீதம் அது தங்கிச் செல்வதாகக் கொண்டனர் பண்டையோர்.

ஞாயிறு, திங்கள் இரண்டின் பாகைகளையும் கூட்டி, அதனையும் 13 பாகை 20 கலையால் வகுத்தால் யோகம் கிடைக்கும். விஷ்கம்பம் முதல் வைதிருதி வரை அவை 27. கரணம் என்பது திதியிற் பாதி. 6 பாகை கொண்டது. ஒரு மாதத்திலுள்ள 60 கரணங்களுள், பவம் முதல் பத்திரை வரையுள்ள ஏழும் எட்டு முறை சுழன்று 56 இடங்களை நிரப்பும். சகுனி முதலிய நான்கும் அமாவாசையை ஒட்டி ஒவ்வொரு முறையே வரும்.

வாரத்திற்கு மட்டும் வானத்தை அளக்க வேண்டுவதில்லை. எனினும் அதன் வரிசையிலும் ஒரு கணக்கு உண்டு. மெல்லச் செல்வதினின்று விரைந்து செல்வது வரை கோள்களை நிறுத்தினால் சனி, குரு, செவ்வாய், ஞாயிறு, சுக்கிரன், புதன், சந்திரன் என்றாகும். நாளின் 24 ஓரைகளுக்கும் இவ்வரிசைப்படி தலைவர்களை வைத்து எண்ணின், ஏழேழாக மும்முறை சென்று மூன்று எஞ்சும். ஆதலின் சனி தொடங்கிய நாளுக்கு மறுநாள் ஞாயிறும், அதற்கு மறுநாள் சந்திரனும் முதல் ஓரைக்குத் தலைவராவர். யவனரும் உரோமரும் கொண்டிருந்த வரிசையும் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு நாட்காலையில் ஞாயிறு உதிக்கும்போது அது 40-ஆவது பாகையிலும், திங்கள் 192-ஆவது பாகையிலும் நிற்பதாகக் கொள்வோம். ஞாயிறு ரிஷப இராசியில் 10 பாகை கடந்திருத்தலின் மாதம் வைகாசி. 192-இல் 40-ஐக் கழிக்க 152. அதனை 12-ஆல் வகுக்க, 12 திதிகள் முடிந்து 8 பாகை மிகும். எனவே அன்று வளர்பிறைத் திரயோதசி. அது முடிய இன்னும் 4 பாகை உண்டு. 192-ஐ 13 பாகை 20 கலையால் வகுக்க, 14 நட்சத்திரங்கள் முடிந்து பதினைந்தாவதாகிய சுவாதி நடைபெறுகின்றது. இரண்டையும் கூட்ட 232; அதனையும் அங்ஙனமே வகுக்க, 17 யோகங்கள் முடிந்து பதினெட்டாவதாகிய வரீயான் நிற்கும். 152-ஐ 6-ஆல் வகுக்க, 25 கரணங்கள் முடிந்து இருபத்தாறாவது நிற்கும், அது தைதுலம்.

திங்கள் ஞாயிற்றை விட்டு நாளொன்றுக்குச் சராசரி 12 பாகை 11 கலை விலகும். நாளொன்றுக்கு 60 நாழிகை. நாழிகையொன்றுக்கு 24 நிமிடம். எஞ்சிய 4 பாகைக்கு ஆகும் காலம் ஏறத்தாழ 20 நாழிகை, அதாவது 8 மணிக்குச் சற்றுக் குறைவு. பஞ்சாங்கத்தில் திதியின் பக்கத்தே அச்சிடப்பட்டிருக்கும் எண்கள் இத்தகைய கணக்கின் விடைகளே. அன்றைய திங்களின் உண்மை விரைவைச் சராசரிக்குப் பதிலாக வைத்தால் விடை இன்னும் நுட்பமாகும்.

மாதமும் ஆண்டும்

தமிழ் மாதம் ஞாயிற்றைப் பற்றியது. ஞாயிறு ஓர் இராசியிற் புகுதல் சங்கிராந்தி எனப்படும். அது சூரியன் மறைவதற்குள் நிகழின் அந்நாளே மாதத்தின் முதல் நாள். மறைந்தபின் நிகழின் மறுநாள் முதல் நாள். மலையாள நாட்டார் பகற்பொழுதின் ஐந்தில் மூன்று பங்கை எல்லையாகக் கொள்வர். ஆகவே ஒரே சங்கிராந்திக்கு மலையின் இப்பால் ஒரு நாளும் அப்பால் மறுநாளும் மாதம் பிறத்தல் உண்டு. ஞாயிறு ஆனியில் மெல்லச் செல்லுதலின் அம்மாதம் 32 நாள் வரையும் நீளும். மார்கழியில் விரைந்து செல்லுதலின் அம்மாதம் 29 நாளாகவும் குறுகும்.

திதியைப் பற்றிய விழாக்கள் திங்களைத் தொடர்வன. பன்னிரண்டு திங்கள் மாதங்கள் ஞாயிற்றாண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைந்தமையின், தீபாவளி ஆண்டுதோறும் முன்னே நகரும். பின் ஒரு மாதம் மிகுவித்துப் பழைய இடத்திற்குக் கொணரப்படும். இரண்டு அமாவாசைகளுக்கிடையே ஞாயிறு எவ்விராசியிலும் புகாதிருப்பின், அத்திங்கள் மாதமே மிகைமாதம். 19 ஆண்டுகளில் அத்தகையன 7 வரும். கிறிஸ்தவத் திருச்சபை உயிர்த்தெழுதல் திருநாளைக் கணிக்கும் முறையிலும் இந்தப் பத்தொன்பதாண்டு வட்டமே அடிப்படையாக நிற்றல் காண்க. திங்களையும் ஞாயிற்றையும் ஒருங்கே பின்பற்ற முயன்றவர் எவராயினும் இவ்வெண்ணிற்கே வந்து சேர்ந்தனர்.

வாக்கியமும் திருக்கணிதமும்

இனி, ஞாயிறும் திங்களும் நிற்கும் இடங்களை நம் முன்னோர் எங்ஙனம் அறிந்தனர் என்பதை நோக்குவோம். கலியுகத் தொடக்கமாகிய கி. மு. 3102 பிப்ரவரி 18-ஆம் நாள் முதல் வேண்டிய நாள் வரை சென்ற நாட்களை எண்ணி, அவ்வெண்ணைக் கொண்டு கணக்கைத் தொடங்குவர். திங்கள் பூமிக்கு மிக அணித்தாக வரும் இடத்தினின்று புறப்பட்டு மீண்டும் அத்தகைய இடத்தை அடைதல் ஒன்பது முறை நிகழ 248 நாள் ஆகும். ஆதலின் 248 நாட்களுக்கும் திங்களின் இருப்பை ஒருமுறை கணித்து வைத்தால் பின்னர்த் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அவ்வெண்களை மனனம் செய்தற்கு எளிதாக, எழுத்துக்கு எண் வகுத்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு வடமொழி வாக்கியமாக அமைத்தனர். வரருசி இயற்றியவை என்று வழங்கும் இவ்வாக்கியங்களால் வந்த பெயரே வாக்கிய பஞ்சாங்கம் என்பது.

இம்முறையின் ஆற்றலை அயல்நாட்டார் கண்டு வியந்துள்ளனர். சுக்கிரன் ஞாயிற்றின் குறுக்கே செல்லும் 1769-ஆம் ஆண்டின் காட்சியைக் காணப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானநூலார் லெ ஜெந்தீல், மேகத்தால் அக்காட்சியை இழந்தார். ஆனால் தமிழரிடம் கிரகணக் கணிதத்தைக் கேட்டறிந்தார். 1765 ஆகஸ்டு 30-ஆம் நாளைய சந்திர கிரகணத்தின் கால அளவு தமிழர் கணக்கில் 41 விநாடி குறைவாகவும், அக்காலத்து ஐரோப்பாவில் புகழ்பெற்ற மேயரின் அட்டவணையில் 68 விநாடி மிகுதியாகவும் வந்தது. பின்னர் 1825-இல் சென்னையில் 'காலசங்கலிதம்' என்னும் நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் எழுதுகோலும் ஏடும் இன்றி, தரையிற் சோழிகளைப் பரப்பி, மனனம் செய்த எண்களைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்ததை விவரித்துள்ளார். அக்கணக்கில் கிரகணத் தொடக்கம் ஏறத்தாழ 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிழைத்தன. ஏட்டைத் தொடாத ஒருவரின் நினைவில் நின்ற எண்களுக்கு அப்பிழை பெரிதன்று.

ஆயினும் இவ்வியப்போடு நின்றுவிடுதல் தகாது. அதே வாக்கியக் கணக்கு, அட்டமியை அடுத்த நாட்களில் திதி முடியும் நேரத்தைச் சில மணி பிழைபடக் காட்டும். காரணம் யாதெனின், திங்களின் ஓட்டத்தில் ஞாயிற்றின் இழுப்பால் நேரும் வேற்றுமைகள் பல உள. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அவற்றின் விளைவு பழைய கணக்கிலேயே அடங்கிவிடும். அரைத் திங்கள் நாட்களில் அடங்காது வெளிப்படும். கிரகணம் நிகழ்வது அமாவாசையிலும் பௌர்ணமியிலுமே. கிரகணத்தைக் கண்ணால் கண்டு, தம் கணக்கோடு ஒப்பிட்டு, பண்டையோர் தம் எண்களைத் திருத்திக்கொண்டனர்; அட்டமித் திதி முடியும் நொடியையோ எவரும் கண்ணாற் காண இயலாது. ஒப்பிட்டுப் பார்த்த இடத்தில் கணக்கு மெய்யாயிற்று. ஒப்பிடாத இடத்தில் பிழை நிலைத்தது. இக்கட்டுரையில் யாம் சொல்ல விரும்பியது இதுவே.

இவ்வுண்மையை உணர்ந்தோர் நம்மிடை இல்லாமலில்லை. கேரள நாட்டுப் பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களை நோக்கி, பழைய எண்கள் வானத்தோடு பொருந்தாமை கண்டு, 1431-இல் 'திருக்கணிதம்' என்னும் திருத்திய முறையை வகுத்தார். திருக்கு என்பது வடமொழியில் கண், பார்வை எனப் பொருள்படும்; கண்ட காட்சியோடு ஒத்த கணிதம் என்பதே பெயரின் கருத்து. பின்னர்ச் சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றியவரும், 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவருமாகிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார், தம் காலத்து வானநூல் எண்களைக் கொண்டு திருக்கணித பஞ்சாங்கத்தை வெளியிட்டார்.

வாக்கியமும் திருக்கணிதமும் இன்றும் அருகருகே விற்கப்படுகின்றன. சனி மகரத்தை விட்டுக் கும்பத்திற் புகுந்த நாளைத் திருக்கணிதம் 2023 ஜனவரி 17 என்றது. வாக்கியம் 2023 டிசம்பர் 20 என்றது. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றுக் கோயிலில் பெயர்ச்சி விழா பின்னைய நாளிலேயே நடைபெற்றது. இடைவெளி பதினொரு மாதம். இஃது இராசியின் எல்லையை வகுப்பதிலுள்ள வேற்றுமையால் மட்டும் நேர்ந்ததன்று. ஞாயிறு மேடத்திற் புகும் நேரம் இரண்டிலும் அணித்தணித்தே உள்ளது. பழைய எண்களில் இருந்த சிறு பிழை நூற்றாண்டுதோறும் திரண்டமையே காரணம். அந்த டிசம்பர் நாளில் சனி, கும்பத்தின் எல்லையினின்று ஏறத்தாழ 8 பாகை கடந்து நின்றது. முழுத் திங்களின் விட்டம் அரைப் பாகை. அத்தகைய திங்கள்கள் பதினாறு அடுக்கிய தொலைவு அது. விழா எந்நாளில் நிகழ வேண்டும் என்பது வழிபடுவோரின் மரபைப் பொறுத்தது. அதில் யாம் தலையிடுவதற்கில்லை. சனி எங்கே நிற்கிறது என்பது மட்டும் மரபைப் பொறுத்ததன்று.

திருத்தத்தின் அருமை

திருத்துதல் எவருக்கும் எளிதன்று. உரோமர் வகுத்த ஆண்டு உண்மைப் பருவ ஆண்டினும் 11 நிமிடம் 15 விநாடி மிகுந்திருந்தமையால், நூற்றாண்டுகள் செல்லச் செல்ல வசந்த சமஇரவு நாள் 10 நாள் முன்னே நகர்ந்துவிட்டது. போப் கிரகோரி 1582-இல் அக்டோபர் 4-ஐ அடுத்த நாளை 15 என்று ஆக்கித் திருத்தினார். இங்கிலாந்து அதனை ஏற்க 1752 வரை சென்றது. கீழைத் திருச்சபைகளுட் பல உயிர்த்தெழுதல் திருநாளை இன்றும் பழைய கணக்கின்படியே கொண்டாடுகின்றன.

நம் ஆண்டிலும் அத்தகைய குறை உண்டு. வாக்கிய முறையின் ஆண்டு 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. பருவ ஆண்டினும் ஏறத்தாழ 24 நிமிடம் மிகுதி. இதனால் 60 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நம் மாதங்கள் பருவத்தினின்று பின்தங்குகின்றன. ஞாயிறு உண்மையில் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. உத்தராயணத் தொடக்கம் என நாம் கொள்வதோ ஜனவரி 14 அல்லது 15-இல் வரும் தை முதல் நாள். 1952-இல் இந்திய அரசு மேகநாத சாகாவின் தலைமையில் நாட்காட்டித் திருத்தக் குழு ஒன்றை அமைத்தது. அக்குழு 1955-இல் அறிக்கை அளித்தது. அதன்படி பருவ ஆண்டைத் தழுவிய தேசிய நாட்காட்டி 1957 மார்ச்சு 22 முதல் வழக்கிற்கு வந்தது. அரசின் ஏடுகளில் அது காணப்படுகின்றது. மக்கள் வீடுகளிற் குடிபுகவில்லை.

வரலாற்றிற்கு ஒரு துணை

பஞ்சாங்கத்தின் ஐந்து உறுப்புகளும் ஒன்றற்கொன்று சாட்சி. கல்வெட்டொன்றில் அரசனாண்டு, மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவை பொறிக்கப்பட்டிருப்பின், அவை அனைத்தும் ஒருங்கே பொருந்தும் நாள் ஒரு மன்னன் காலத்தில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். இம்முறையால் கீல்கார்ன் என்னும் செருமானிய அறிஞர், முதலாம் இராசராசன் 985-ஆம் ஆண்டு ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையே அரசேறினான் என நிறுவினார். தமிழ்க் கிறிஸ்தவராகிய எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, 1922-இல் வெளியிட்ட பெருநூலில் கி. பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் உரிய பஞ்சாங்க விவரங்களைக் கணித்தளித்தார். தென்னாட்டு வரலாறு எழுதுவோர் அவருக்குப் பட்ட கடன் பெரிது. பஞ்சாங்கத்தை அவர் பலனுக்காகப் பார்க்கவுமில்லை, பயனற்றதென்று எறியவுமில்லை. கணிதமாகக் கற்றார், அதனால் கல்லில் உறங்கிய நாட்கள் பேசலாயின.

முடிவுரை

அன்பர்களே, கற்றவர்க்கு அழகு ஏற்பதும் அன்று, இகழ்வதும் அன்று, ஒப்பிட்டு நோக்குதலே. அதற்குத் தொலைநோக்கி வேண்டுவதில்லை. அடுத்த அமாவாசை தொடங்கி ஒரு மாதம், பஞ்சாங்கத்தைக் கையிற்கொண்டு விடுதியின் மாடிக்குச் செல்லுங்கள். வளர்பிறை அட்டமியன்று ஞாயிறு மறையும்போது திங்கள் உச்சியை ஒட்டி நிற்கிறதா? பௌர்ணமியன்று மேற்கே ஒன்று மறையக் கிழக்கே மற்றொன்று எழுகிறதா? ரோகிணி என்று குறித்த இரவில், செந்நிறமுள்ள அவ்விண்மீனின் அண்மையில் திங்கள் நிற்கிறதா? பின்னர், திங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 2 நாழிகை தாழ்ந்து எழுவதைக் குறித்து வையுங்கள். மாத இறுதியில், அச்சிட்ட எண்களுக்கும் நீங்கள் கண்டதற்கும் உள்ள உறவு உங்கட்கே விளங்கும்.

அங்ஙனம் செய்தபின், உங்கள் இல்லத்து முதியோர் பஞ்சாங்கத்தைப் புரட்டும்போது அருகமர்ந்து, இந்தத் திதி எப்படி வந்தது என்று அவர்களோடு சேர்ந்து கணக்கிட்டுப் பாருங்கள். சோழி பரப்பிக் கணித்த புதுச்சேரியாரும், ஆண்டுகள் பல வானத்தை நோக்கியிருந்த பரமேசுவரரும் நமக்கு வைத்துச் சென்ற செல்வத்தைப் பெறுதற்கு அதுவே வழி.